வெற்றி யார் கணக்கில்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 2018 முதல் 2022 வரை ஐந்து சீசன்களிலும் அரையிறுதிக்குச் சமமான கட்டம்வரை வந்தது. மூன்று முறை சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் ஆடி, இரண்டில் வென்றது. அந்த ஐந்து சீசன்களிலும் தாக்குதல் ஆட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் வலக்கையாக இருந்தவர் எரிக் பியனமி. அவருக்கு முன்னால் அதே பொறுப்பில் இருந்த டக் பீடர்சனும் மேட் நேகியும் அங்கிருந்தே வேறு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். பியனமியைப் பத்துக்கும் மேற்பட்ட அணிகள் நேர்காணலுக்கு அழைத்தன. ஒன்றுகூட வேலை தரவில்லை. கடைசியில் 2023இல் வாஷிங்டன் அணிக்கு மீண்டும் ஒருங்கிணைப்பாளராகவே போனார். அவர் கறுப்பினத்தவர் என்பதுதான் காரணம் என்றார்கள் சிலர். நேர்காணலில் அவர் எடுபடவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டு விளக்கங்களும் அடியிலிருக்கும் கேள்வியைத் தொடாமல் போகின்றன. ஒரு துணைப் பயிற்சியாளர் தலைமைப் பொறுப்புக்குத் தகுதியானவரா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தேவையான திறமையை முன்கூட்டிப் பார்க்க அங்கே வழியே இல்லை. அந்த வெற்றிடத்தை அருகாமையும் பழக்கமும் சாயலும் நிரப்புகின்றன என்பதே என் வாதம்.

இந்த விளையாட்டில் பயிற்சியாளருக்கு இருக்கும் அதிகாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் களத்துக்குள் முடிவெடுப்பவர் கேப்டன். பயிற்சியாளர் பெவிலியனில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்கக் கால்பந்திலோ ஒவ்வொரு நகர்வும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் உத்தரவு. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் 1994 முதல் சிறு ஒலிபெருக்கி இருக்கிறது; அடுத்த ஆட்டத்துக்கான நேரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது அது தானாகவே அணைந்துவிடும். அதற்குள் எந்த ஆட்டத்தை ஆடுவது என்று ஒருவர் அவர் காதில் சொல்லியாக வேண்டும். அணியில் 53 வீரர்கள். தாக்குதல், தடுப்பு, உதை ஆட்டங்களுக்கான சிறப்புப் பிரிவு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், அவருக்குக் கீழே வரிசைவாரியாகத் துணைப் பயிற்சியாளர்கள். எல்லாருக்கும் மேலே தலைமைப் பயிற்சியாளர். இருப்பதே 32 அணிகள். ஆண்டுக்கு ஏறக்குறைய அரை டஜன் இடங்களே காலியாகும். நூற்றுக்கணக்கான துணைப் பயிற்சியாளர்கள் கண் வைத்திருப்பது அந்த அரை டஜன் இடங்களின் மேல்தான்.

சிக்கல் என்னவென்றால், ஒருங்கிணைப்பாளரின் வேலையும் தலைமைப் பயிற்சியாளரின் வேலையும் ஒரே ஏணியின் இரண்டு படிகள் அல்ல. இரண்டும் வேறு வேறு தொழில்கள். 2022இல் டென்வர் பிராங்கோஸ் அணி நதானியேல் ஹாக்கெட்டைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அதற்கு முன் அவர் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். அங்கே குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் 2020, 2021 இரண்டு சீசன்களிலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைத் தட்டிச் சென்றிருந்தார். டென்வர் பயிற்சியாளராக ஹாக்கெட்டின் முதல் ஆட்டம் சியாட்டிலில். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், ஐந்து கெஜம் முன்னேறினால் ஆட்டம் தொடரும் என்றபோது, கடிகாரத்தை ஓடவிட்டு 64 கெஜ தூரத்திலிருந்து பந்தை உதைக்கச் சொன்னார். உதை தவறியது; 17–16 என்று தோல்வி. நேரத்தைக் கணக்கிடுவதற்கென்றே ஓய்வுபெற்ற ஒரு பயிற்சியாளரைச் சில வாரங்களில் அழைத்துவர நேர்ந்தது. 15 ஆட்டங்களில் 11ஐத் தோற்று, சீசன் முடியும் முன்பே வேலையையும் இழந்தார். ஹாக்கெட்டைக் கேலி செய்வது எளிது, அமெரிக்காவே செய்தது. ஆனால் கிரீன் பேயில் எத்தனை ஆண்டு இருந்திருந்தாலும் அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பு அவருக்கு வந்திருக்காது. அங்கே அது தலைமைப் பயிற்சியாளர் மேட் லஃப்ளூரின் வேலை. ஆட்டங்களை அழைத்ததும், அதாவது எதை ஆடுவது என்று காதில் சொன்னதும், லஃப்ளூர்தான். அப்படியானால் டென்வர் நிர்வாகம் ஹாக்கெட்டிடம் எதைப் பார்த்தது? ராஜர்ஸின் வெற்றி அருகில் நின்றவர் கணக்கிலும் கொஞ்சம் வரவாகியிருந்தது. அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

பியனமியிடம் குறையாகச் சொல்லப்பட்டதும் இதே விஷயம்தான் என்பது கவனிக்கத்தக்கது. ‘ஆட்டங்களை அழைப்பது ரீட், பியனமி அல்ல’ என்பது திரும்பத் திரும்பக் கேட்ட வாதம். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் ஆட்டங்களை அழைப்பவர் தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்வே. அவரிடம் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக மட்டுமே இருந்த ஸாக் டெய்லர் 2019இல் சின்சினாட்டியின் தலைமைப் பயிற்சியாளரானார். ஒருங்கிணைப்பாளராக இருந்த கெவின் ஓகானல் 2022இல் மினசோட்டாவுக்குப் போனார். இண்டியனாபொலிஸில் ஃபிராங்க் ரைக் ஆட்டங்களை அழைக்க, அவருக்குக் கீழே ஒருங்கிணைப்பாளராக இருந்த நிக் சிரியானி 2021இல் ஃபிலடெல்ஃபியாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ரீடின் முந்தைய சீடர்களில் நேகிக்கு 2017இன் கடைசி வாரங்களில் ஆட்டங்களை அழைக்கும் பொறுப்பு கிடைத்தது உண்மை. ஆனால் சில வார அனுபவம் ஒரு தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்றால் அந்த அளவுகோலே சந்தேகத்துக்குரியது. ஒரே தகவல் ஒருவருக்குப் பொருட்டாகாமலும் இன்னொருவருக்குத் தடையாகவும் இருந்தால், முடிவு வேறு எங்கேயோ எடுக்கப்பட்டு, காரணம் பிறகு தேடப்பட்டது என்றே பொருள். பியனமி வாஷிங்டனில் ஆட்டங்களை அழைத்த 2023 சீசனில் அந்த அணி 17 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்றதே என்று கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் முந்தைய ஐந்தாண்டு மறுப்புகளை நியாயப்படுத்த, பின்னால் வந்த தோல்வி உதவாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மெக்வேயின் ஆட்களை எடுப்பது வெறும் சாயல் மோகம் அல்ல. அவரிடம் இருந்தவர்கள் அவருடைய முறையைக் கற்றவர்கள், அந்த முறைதான் விலைபோகிறது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. மெக்வேயிடம் 2017இல் பணியாற்றிய லஃப்ளூர், கிரீன் பேயில் முதல் மூன்று சீசன்களிலும் தலா 13 ஆட்டங்கள் வென்றார். எண்பதுகளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் வால்ஷ் உருவாக்கிய பரம்பரை மைக் ஹோம்கிரென் வழியாக ஆண்டி ரீட் வரை நீள்கிறது. அங்கே கற்றல் நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே மெக்வே பரம்பரையின் பிராண்டன் ஸ்டேலியைச் சார்ஜர்ஸ் அணி 2023 சீசன் முடியும் முன்பே விலக்கியது. நியூ இங்கிலாந்தில் ஆறு சூப்பர் பவுல் வென்ற பில் பெலிச்சிக்கின் சீடர்களோ ஒரு தனிக் கதை: ஜோஷ் மெக்டேனியல்ஸ் டென்வரிலும் பிறகு லாஸ் வேகஸிலும், மேட் பட்ரீஷியா டெட்ராய்ட்டிலும், ஜோ ஜட்ஜ் நியூயார்க்கிலும் சறுக்கினார்கள். குருவின் ஆட்டத்திட்டத்தைச் சீடன் எடுத்துச் செல்லலாம். குருவின் அதிகாரமும் தீர்ப்பும் அந்தப் பெட்டியில் வருவதில்லை. பரம்பரை ஒரு தகவல், அவ்வளவுதான். உத்தரவாதமாக அதை விற்பவர்களும் வாங்குபவர்களும் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அடுத்த மறுப்பு சந்தையின் பெயரால் வருவது. அணிகள் கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களின் சொத்து, தவறாகத் தேர்ந்தெடுத்தால் தோற்பார்கள், தோற்பவர்கள் திருந்துவார்கள் என்கிறது அது. தோல்வி பாடம் சொல்ல வேண்டுமானால் அது தெளிவாகப் பேச வேண்டும். இங்கே அது முணுமுணுக்கிறது. சீசனுக்கு 16, 17 ஆட்டங்களே. ஸாக் டெய்லரின் முதல் சீசன் 2 வெற்றி, 14 தோல்வி; இரண்டாவது சீசன் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமன். பொறுமையில்லாத முதலாளியாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த முதல் சீசனின் கடைசி இடம்தான் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவருக்கு முதல் தேர்வைத் தந்தது. அதில் வந்தவர் குவார்ட்டர்பேக் ஜோ பரோ. மூன்றாவது சீசனில் சின்சினாட்டி சூப்பர் பவுலில் நின்றது. டெய்லர் மோசமான தேர்வா, நல்ல தேர்வா? பெலிச்சிக்கே கிளீவ்லண்டில் ஐந்து சீசன்களுக்குப் பிறகு வெளியேற்றப்பட்டவர்தான். போதாததற்கு, தேசியத் தொலைக்காட்சி வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. தோற்ற அணிக்குப் பெருமை குறையும், வருமானம் அவ்வளவாகக் குறையாது. இப்படிப்பட்ட சந்தை யாருக்கும் எதையும் வேகமாகக் கற்பிக்காது.

அளவுகோல் மங்கலாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் தமக்குப் பழகிய முகத்தைத் தேடுவார்கள். இனப் பிரச்சினை உள்ளே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். லீகின் வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 2022 பிப்ரவரி 1 அன்று 32 அணிகளிலும் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒரே ஒருவர், பிட்ஸ்பர்க்கின் மைக் டாம்லின். அன்றுதான், மயாமியின் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட கறுப்பினப் பயிற்சியாளர் பிரையன் ஃப்ளோரஸ் இனப் பாகுபாடு என்று லீகின் மேல் வழக்குப் போட்டார். நியூயார்க் ஜயன்ட்ஸுடன் தனக்கு நேர்காணல் நடக்க மூன்று நாள் இருக்கும்போதே, அந்த வேலை கிடைத்ததற்குப் பெலிச்சிக்கிடமிருந்து தனக்கு வாழ்த்துச் செய்தி வந்ததையும், அது உண்மையில் பிரையன் டபோல் என்ற வேறொரு பிரையனுக்குப் போக வேண்டிய செய்தி என்பதையும் மனுவில் காட்டியிருந்தார். முன்கூட்டியே முடிவெடுத்ததாகச் சொல்வதை ஜயன்ட்ஸ் நிர்வாகம் மறுத்தது; வேலை டபோலுக்குத்தான் போனது. சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும் என்ற ரூனி விதி 2003இலிருந்தே இருக்கிறது. இப்போது குறைந்தது இருவர். அந்த விதி திறமையைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று குறைப்படுபவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் திறமையை, எதைக் கொண்டு அளந்தீர்கள்? விதி சடங்காகிவிட்டது என்பவர்கள் சொல்வதில் அதைவிட நியாயம் அதிகம். ஒரு மணிநேர நேர்காணல் ஆண்டுக்கணக்கான பழக்கத்துக்கு ஈடாகாது. லீகே அதை உணர்ந்துதான் 2022இல் சிறுபான்மைத் துணைப் பயிற்சியாளர்களை அணி முதலாளிகளோடு நேரில் பழகவைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒருவகையில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

பார்க்க முடியாததைக் கொஞ்சமாவது பார்க்க முயன்ற அணிகளும் உண்டு. பால்டிமோர் 2008இல் தேர்ந்தெடுத்த ஜான் ஹார்பா பல ஆண்டுகள் சிறப்புப் பிரிவைக் கவனித்தவர். புகழ் குறைந்த பிரிவு. ஆனால் தாக்குதல், தடுப்பு இரு பக்கத்து வீரர்களையும் ஒன்றாக வைத்து வேலை வாங்கும் ஒரே துணைப் பயிற்சியாளர் அவர்தான். ஐந்தாவது சீசனில் சூப்பர் பவுல் வந்தது. பிட்ஸ்பர்க் 1969 முதல் 2025 சீசன் வரை மூன்றே தலைமைப் பயிற்சியாளர்களை வைத்திருந்தது. மூவரும் 30களின் வயதில், வேறு அணிகளின் தடுப்புப் பிரிவிலிருந்து, தலைமை அனுபவம் இல்லாமல் வந்தவர்கள். மூவரும் சூப்பர் பவுல் வென்றார்கள். மேதைகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, தேர்ந்தெடுத்தவரை வளரவிட்டார்கள் என்பதே எனக்கு நம்பத்தகுந்த விளக்கம்.

புரூஸ் ஏரியன்ஸின் கதை இந்த வாதத்தை வேறு பக்கமிருந்து தொடுகிறது. பல பத்தாண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தும் லீகில் யாரும் அவருக்குத் தலைமை தரவில்லை. 2012இல் இண்டியனாபொலிஸின் தலைமைப் பயிற்சியாளர் சக் பகானோ ரத்தப் புற்றுநோயால் விடுப்பில் போக, ஏரியன்ஸ் தற்காலிகமாக அந்த இடத்தில் நின்றார். 12 ஆட்டங்களில் 9 வெற்றி, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. அதன் பிறகே, 60 வயதில், அரிசோனா அவரை எடுத்தது. 68 வயதில் டாம்பா பேயோடு சூப்பர் பவுல் வென்றார். அங்கே அவருடைய மூன்று ஒருங்கிணைப்பாளர்களும் கறுப்பினத்தவர்கள். துணைப் பயிற்சியாளர்களில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். 2022 மார்ச்சில், காலியிடங்களுக்கான ஆள்தேடல் எல்லாம் முடிந்த பிறகு, அவர் விலகி, தடுப்பு ஒருங்கிணைப்பாளர் டாட் போல்ஸிடம் அணியை ஒப்படைத்தார். நேர்காணல் வரிசை இல்லை, போட்டி இல்லை; பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய ஒருவரின் தீர்ப்பு மட்டும். நான் இதுவரை குறைகூறிவந்த அதே பழக்கத்தின் வழிதான் அது. போல்ஸின் முதல் சீசனில் வெற்றிகளைவிடத் தோல்விகள் ஒன்று கூடுதல். ஆனாலும் அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் டாம்பா தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது.