மாறுமிடங்களும் மூட்டைகளும்

பிரயாணத்தில் சங்கடம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், ஓடுகிற வண்டியில்தான் என்று பலரும் சொல்லக்கூடும். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நண்பர்கள் மூவருடன் தருமபுரியிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கோலாலம்பூருக்குப் போய்வந்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. வண்டி ஓடுகின்ற வரையில் மூட்டைக்குக் கனமே இல்லை. ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகிறோமே, அந்த இடத்தில்தான் அதற்குக் கனம் வருகிறது.

நாங்கள் நால்வரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒருவர் கணிதம் கற்பித்தவர். ஒருவர் தமிழ் கற்பித்தவர். மூன்றாமவருடைய மகள் கோலாலம்பூரில் குடும்பம் நடத்துகிறாள். மகளைப் பார்க்கப் போகிற தகப்பனார் வெறுங்கையோடு போவாரா? கேழ்வரகு மாவு, சாமை, புளி, எள்ளுருண்டை, மூன்று வகை ஊறுகாய், பழகிய இரும்புத் தோசைக்கல் ஒன்று, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று என்று சாமான்கள் சேர்ந்துகொண்டே போயின. புறப்படுகிற அன்று எண்ணிப் பார்த்தோம்: பெரியவை ஏழு, கைப்பைகள் நான்கு, ஆகப் பதினொன்று.

"ஐயா, பதினொன்றா?" என்றார் கணித ஆசிரியர்.

"நாலு பேருக்குப் பதினொன்று என்ன பிரமாதம்?" என்றார் மகளைப் பெற்றவர்.

அவர் கணக்கில் ஒரு பிழை இருந்தது. மூட்டைகளை ஆட்களால் வகுத்துப் பார்த்தார். மாறுமிடங்களால் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வாடகை வேன், வேனிலிருந்து முதல் விமானம், கொழும்பில் இரண்டாம் விமானம், சிங்கப்பூரில் விடுதிக்கு டாக்சி, விடுதியிலிருந்து பேருந்து, மலேசிய எல்லையில் சோதனைக்காக ஒருமுறை இறக்கி ஏற்றல், கோலாலம்பூரில் மறுபடி டாக்சி. ஆக மாற்றங்கள் ஏழு. பதினொன்றை ஏழால் பெருக்கினால் எழுபத்தேழு. எழுபத்தேழு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகவோ, உடையவோ, இடம் மாறவோ வாய்ப்பு உண்டு. ஒரு பெட்டியைக் குறைத்திருந்தால் ஏழு வாய்ப்புகள் குறைந்திருக்கும்.

பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டிகளை நிறுத்தபோது, அனுமதித்த எடைக்கு மேல் 14 கிலோ இருந்தது. அதிகப்படியான ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் கேட்ட கட்டணத்தில் எங்கள் ஊர்ச் சந்தையில் பத்துப் பதினைந்து கிலோ கேழ்வரகு வாங்கிவிடலாம். மேலும், ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் பணம் கொடுத்தாலும் பொதுவாக ஏற்பதில்லை. பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற தொழிலாளிகளின் முதுகைக் காப்பதற்கான விதி அது. எங்கள் பெட்டிகளுள் ஒன்று 34 கிலோ காட்டியது. அதற்குள் தோசைக்கல் இருந்தது.

பின்னே வரிசை நீண்டுகொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்தோம். சாமையும் மாவும் ஒரு பகுதி வேன்காரரோடு ஊர் திரும்பின. குத்துவிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தமிழாசிரியரின் கைப்பையில் வைத்தது நான்தான். அதற்கு இடம் போதவில்லை. மேலே கிடந்த சிறிய நீலப் பையை எடுத்துப் பெட்டிக்குள் செருகிப் பூட்டினேன். அதற்குள் என்ன இருக்கிறதென்று நான் பார்க்கவில்லை; அவரும் அப்போது அருகில் இல்லை.

முதல் விமானம் கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கால் உள்ள நாங்கள் ஓடி அடுத்த விமானத்தைப் பிடித்துவிட்டோம். கால் இல்லாத பெட்டிகள் என்ன செய்யும்? இதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. விமானம் மாறுகிற நிலையத்தில் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோய், அதன் கழுத்தில் கட்டிய சீட்டின் பத்து இலக்க எண்ணைக் கருவியால் படித்து, வேறொரு தள்ளுவண்டியில் ஏற்றி, அடுத்த விமானத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். எந்தப் படியில் நேரம் தப்பினாலும் பெட்டி நின்றுவிடும். உலகெங்கும் வழிதவறுகிற பெட்டிகளில் மிகப் பெரும் பங்கு இப்படி விமானம் மாறும் இடங்களிலேதான் தவறுகிறது. இதனால்தான் 2018 ஜூன் முதல், பெட்டியைப் பெறும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், மாற்றும்போதும், திருப்பிக் கொடுக்கும்போதும் பதிவு செய்ய வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தன் உறுப்பு நிறுவனங்களுக்கு விதித்தது.

சிங்கப்பூரில் ஆறு பெட்டிகள் வந்தன. ஏழாவது வரவில்லை. நீலப் பை அதற்குள் இருந்தது. நீலப் பைக்குள் தமிழாசிரியரின் இன்சுலினும், ஊசிகளும், மருத்துவர் எழுதித் தந்த சீட்டும் இருந்தன.

அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இரவு பதினோரு மணிக்கு மேல் அவருக்குத் தாகம் மிகுந்தது. வயிற்றைப் புரட்டுகிறது என்றார். விடுதிக்காரர் காட்டிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சோதித்ததில் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. எந்த வகை இன்சுலின், எத்தனை அளவு என்று மருத்துவர் கேட்டார். சீட்டு பெட்டிக்குள் அல்லவா இருந்தது! தருமபுரியில் உறங்கிக்கொண்டிருந்த அவருடைய மகனை எழுப்பி, பழைய சீட்டு ஒன்றைத் தேடிப் படம்பிடித்துக் கைபேசியில் அனுப்பச் செய்தோம். மருந்து ஏற்றி, விடியும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

அந்த இரவில் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என் பாட்டனார் மொரப்பூரைப் பற்றிச் சொன்னவை நினைவுக்கு வந்தன. மொரப்பூர் ஸ்டேஷன் சென்னையிலிருந்து சேலம் செல்லும் பெரிய பாதையில் இருக்கிறது. அங்கிருந்து தருமபுரிக்கு ஏறக்குறைய 18 மைல் தூரம் ஒரு சிறு ரயில் 1906-இல் வந்தது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. சிறிய பாதையில் இரண்டரை அடி. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே எங்கள் ஊர்ப் புளியும் தானியமும் மொரப்பூரில் மூட்டை மூட்டையாக இறங்கி, ஆள் முதுகில் ஏறி, மறுபடி வண்டியில் ஏற வேண்டியிருந்தன. கிழிந்ததும் சிந்தியதும் மழையில் நனைந்ததும் எல்லாம் அந்த நடைமேடையில்தான் என்பார் பாட்டனார். 1941-இல், போர்க்காலத்தில், அந்தச் சிறு ரயில் மூடப்பட்டது.

இங்கிலாந்து இதைவிடப் பெரிய பாடம் படித்தது. 1840-களில் குளோஸ்டர் என்ற ஊரில் ஏழடிப் பாதையும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான பாதையும் சந்தித்தன. அங்கே சாமான் மாற்றுவதில் நேர்ந்த குழப்பம் நாடெங்கும் பேச்சாயிற்று. விசாரிக்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகக் குழப்பத்தைக் கொஞ்சம் கூட்டியே நடத்தினார்கள் என்றும் சொல்வதுண்டு. வியாபாரப் போட்டி அல்லவா? 1846-இல் பாராளுமன்றம் சட்டம் செய்து, புதிய பாதைகளுக்குக் குறுகிய அளவையே பொதுவாக்கியது.

கப்பல் வியாபாரத்துக்கு விடை கண்டவர் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி. 1937-இல் துறைமுகத்தில் தம் லாரியிலிருந்த பஞ்சுப் பொதிகள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். பொதிகளை ஏன் தொட வேண்டும், பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன என்பது அவர் எண்ணம். 1956 ஏப்ரல் 26-இல் 58 அலுமினியப் பெட்டிகள் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலில் சென்றன. ஆட்களைக் கொண்டு டன் ஒன்றை ஏற்ற 5 டாலர் 83 சென்ட் ஆன காலத்தில், அம்முறையில் 16 சென்ட்டுக்கும் குறைவாகவே ஆயிற்று. சரக்கு மிச்சமாகவில்லை, தூரமும் குறையவில்லை, மாற்றுகிற வேலைதான் குறைந்தது. பிரயாணிக்கு மட்டும் அப்படியொரு விடை இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை ஏழாவது பெட்டி விடுதிக்கே வந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, பெட்டி வரவில்லை என்று படிவம் எழுதிக் கொடுத்து, சீட்டின் அடிப்பகுதியைக் காட்டியிருந்தோம்; அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். 21 நாட்களுக்குள் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்க 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியால் உடன்படிக்கை இடம் தருகிறது. இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. ஆனால் பெட்டியில் வந்த இன்சுலினைத் தமிழாசிரியர் பயன்படுத்தவில்லை. ஒருமுறை உறைந்துபோன இன்சுலினை மறுபடி நம்பலாகாது. அந்தப் பெட்டி எத்தனை குளிரில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலச்சாலை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதைக் கடக்க எங்களுக்கு அரை நாள் ஆயிற்று. மலேசியப் பக்கத்தில் மூட்டைகளையெல்லாம் இறக்கிச் சோதனைக்குக் காட்ட வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் பதினொன்றையும் கருவிக்குள் விட்டு எடுத்து, தோசைக்கல் இன்னதென்று விளக்கிவிட்டு வெளியே வருவதற்குள் பேருந்து புறப்பட்டுப் போயிருந்தது. ஓட்டுநரைக் குறை சொல்வதற்கில்லை. முப்பது பேரை எத்தனை நேரம் காக்கவைப்பார்? நகரப் பேருந்தில் லார்க்கின் நிலையத்துக்குச் சென்று வேறு பேருந்து பிடித்தோம். ஏழு மாற்றங்கள் ஒன்பதாயின. "தொண்ணூற்றொன்பது" என்றார் கணித ஆசிரியர், யாரையும் பார்க்காமல்.

திரும்பும்போது எங்களிடம் இருந்தவை நான்கு பெட்டிகளே. தோசைக்கல் கோலாலம்பூரில் நன்றாக உழைக்கிறதென்று கேள்வி. விமான நிலையத்தில் தமிழாசிரியரின் கைப்பையைச் சற்று நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். அவர் புன்னகை செய்தார்; பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.