ஆகாயத்தில் ஒரு குளியல் தடை

பேரருவியில் தண்ணீர் நிறம் மாறிப் பெருகினால் காவலர்கள் விசில் ஊதுவார்கள். சில நிமிடங்களில் அருவிக்கரை காலியாகிவிடும். தலையில் எண்ணெய் வழிய நிற்பவருக்கும் விலக்கு கிடையாது. குற்றாலத்துக்கு வந்துபோகிறவர்களுக்குப் பழகிய காட்சி இது. 2025 ஜூன் 23 இரவு, அப்படியொரு விசில் வானத்தில் ஊதப்பட்டது. கத்தார் தன் வான்வெளியை மூடியது. சற்று நேரத்தில் அங்குள்ள அல் உதெய்த் விமானத் தளத்தை நோக்கி ஈரானின் ஏவுகணைகள் பாய்ந்தன. ஐக்கிய அரபு அமீரகம், குவைத், பஹ்ரைன் வான்வெளிகளும் சில மணி நேரம் மூடப்பட்டன. தோஹாவுக்குப் பறந்துகொண்டிருந்த கத்தார் ஏர்வேஸ் விமானங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

கடையநல்லூர், வடகரை, தென்காசிப் பக்கம் இது உள்ளூர்ச் செய்தி. வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்காத தெருவை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜூன், ஜூலை என்றால் குற்றாலத்தில் சீசன். அப்படி வேலைக்குப் போன சபுராளிகள் விடுப்பில் ஊர் திரும்பும் காலமும் அதுதான். செங்கோட்டை வழியாக மலையேறி இறங்கினால், நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கிருந்து தோஹாவுக்கு 3,200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பெரும்பகுதி அரபிக்கடல்.

நமக்குச் சாரல் அனுப்புவதும் அதே கடல்தான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டும் காற்று, சோமாலியாவை ஒட்டி ஆறுபோல வேகமெடுக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இந்தக் காற்றாற்றுக்குச் 'சோமாலித் தாரை' என்று பெயர். கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு சுமார் 2,800 கிலோமீட்டர் கடந்து வந்து மலையில் மோதுகிறது. கேரளத்தில் கொட்டியது போக மிஞ்சிய ஈரம், ஆரியங்காவுக் கணவாய் வழியே நழுவி நம்மேல் சாரலாகிறது. இவ்வளவு தூரம் வரும் காற்று எந்த நாட்டிடமும் அனுமதி கேட்பதில்லை. அதே கடலுக்குமேல் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் நிலை வேறு.

அந்த வெறும் வானத்தில் எல்லைக்கோடுகள் உண்டு. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதியே, தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே முழுச் சொந்தம் என்பதுதான். இதோடு, கடல்களின் வானத்தையும் சேர்த்து உலகம் முழுவதையும் 'பறப்புத் தகவல் மண்டலங்கள்' என்று பங்கிட்டிருக்கிறார்கள். எந்தப் பகுதியில் பறக்கும் விமானத்துக்கு எந்த நிலையம் வழிகாட்ட வேண்டும் என்ற ஏற்பாடு இது. தென்காசியின் தலைக்கு மேல் இருப்பது சென்னை மண்டலம். அரபிக்கடலில் மும்பை மண்டலம், அதைத் தாண்டினால் மஸ்கட். தோஹாவுக்குத் தனி மண்டலமே 2022 செப்டம்பரில்தான் வந்தது. அதுவரை பஹ்ரைன்தான் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டது. ஒவ்வோர் எல்லையிலும் ஒரு நிலையம் அடுத்த நிலையத்திடம் விமானத்தைக் கைமாற்றும். சன்னலோரம் தூங்கும் பயணிக்கு எதுவும் தெரியாது.

வானத்தின் விசிலுக்கு 'நோட்டாம்' என்று பெயர். விமானப் பணியில் இருப்போருக்கான அவசர அறிவிப்பு. எந்த மண்டலம், எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை: எல்லாம் சில வரிச் சுருக்கெழுத்தில் அடங்கிவிடும். அந்தச் சில வரிகள் ஒரு நாட்டின் வானத்தையே பூட்டப் போதும்.

பூட்டும்போது நடுவானில் இருப்பவர்கள் என்ன செய்வது? விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கிலோமீட்டர் பறக்கிறது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வர அதற்கு அரை நிமிடம்கூட வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி யோசிக்க வழியில்லை. ஏர்பஸ் 320 வகை விமானம் நிமிடத்துக்குச் சுமார் 40 கிலோ எரிபொருள் குடிக்கும். வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. நிமிடத்துக்கு மூன்று சிலிண்டர் தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கான விடை விமானம் கிளம்பும் முன்பே தயாராகிவிடுகிறது. போய்ச் சேரத் தேவையான எரிபொருள், எதிர்பாராத சுற்றுக்கு ஒரு பங்கு, மாற்று விமான நிலையம் ஒன்றை எட்டும் அளவு, அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்கும் அளவு என்று கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். நம் டிக்கெட்டில் அச்சாகாத இரண்டாவது ஊர் ஒன்று பெரும்பாலான பயணங்களில் நம்மோடு வருகிறது.

கிளம்பியவுடனே திரும்ப நேர்ந்தால் சிக்கல் தலைகீழாகும். போயிங் 777-300 ரகத்தில் நெடுந்தூர விமானம் ஒன்று 351 டன் வரை எடையோடு மேலெழும்பலாம். இறங்கும்போதோ 251 டன்னுக்குள் இருக்க வேண்டும். இடையில் நூறு டன், ஏறத்தாழ இருபது யானைகளின் எடை. அந்த எரிபொருளை எரித்தோ, உயரத்திலேயே வெளியேற்றியோ எடை குறைத்த பிறகே வழக்கமாகத் தரையிறங்குவார்கள்.

ஒரு வானம் மூடினால் பக்கத்து வானத்தில் நெரிசல். மேலும் கீழுமாகப் பறக்கும் இரு விமானங்களுக்கு நடுவே ஏறக்குறைய 300 மீட்டர் இடைவெளி வேண்டும். பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். ஐந்து பேரருவிகளை அடுக்கிய உயரம் அது. அந்த அடுக்குகளில் புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு விமானத்துக்கும் இடம் ஒதுக்கி, யாரும் யாரையும் நெருங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள்.

வானம் திறந்தாலும் பயணம் உடனே சீராகாது. தோஹா போன்ற நிலையங்களில் நாலாபக்கமிருந்தும் விமானங்கள் அலையலையாக வந்து, பயணிகளை மாற்றிக்கொண்டு, அலையலையாகக் கிளம்புகின்றன. ஓர் அலை குலைந்தால் அடுத்ததும் குலையும். காலையில் திருவனந்தபுரத்தில் இருக்க வேண்டிய விமானம் வேறெங்கோ நிற்கும். விமானிகளின் பணி நேரத்துக்கு வரம்பு உண்டு. அது முடிந்தால் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். சில மணி நேரப் பூட்டு பல நாள் குழப்பமாவது இப்படித்தான்.

கப்பலில் இதே கதை மெதுவாக நடக்கும். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைக் கைப்பற்றினார்கள், தாக்குதல்கள் தொடர்ந்தன. செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டப் நீரிணையின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான், தென்காசி–திருநெல்வேலி தூரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். அந்தச் சிறு வாசலுக்கு அஞ்சிச் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பல பயணங்களை ரத்து செய்தன. பருவத்துக்கேற்பக் கடல் மாறும் கப்பல்களில் சில, பயணிகளை ஏற்றாமலேயே ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. மும்பையிலிருந்து லண்டனுக்கு அந்தச் சுற்றுவழியில் போனால் சுமார் 8,000 கிலோமீட்டர் கூடுதல். மணிக்கு 35 கிலோமீட்டர் போகும் கப்பலுக்கு ஒன்பது நாளுக்கு மேலாகும்.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமான பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை போரால் வரும் இழப்பை ஏற்பதில்லை. பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. கல்யாணத்துக்கு முதல் நாள் வந்திறங்கும்படி டிக்கெட் போடாமல், இடையில் ஓரிரு நாள் விட்டுவைப்பது இன்னும் நல்லது.

இத்தனை அலைச்சலும் எதற்காக? 2014 ஜூலை 17 அன்று, சண்டை நடந்த கிழக்கு உக்ரைனில் 32,000 அடிக்குக் கீழே மட்டும் வானம் மூடப்பட்டிருந்தது. மலேசிய விமானம் எம்எச்17 விதிப்படி 33,000 அடியில் பறந்தது. ஏவுகணை அங்கேயும் எட்டியது. 298 பேர் இறந்தார்கள். பாதித் தடை எவ்வளவு ஆபத்தானது என்று உலகம் அன்று கற்றது. எச்சரிக்கை முந்தாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கும் தெரியும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது.

2025 ஜூன் 23 இரவு அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் விமானங்களும் எங்கெங்கோ பத்திரமாக இறங்கின. நள்ளிரவு தாண்டியதும் கத்தாரின் வானம் திறந்தது. விசில் கேட்டுக் கரையேறியவர்கள், தண்ணீர் தெளிந்தபின் மறுபடியும் அருவிக்குப் போகலாம்.