விடுமுறையில் கறிவேப்பிலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

பள்ளி விடுமுறைக்குப் பத்து நாள் பாட்டி வீட்டுக்குப் போகிறீர்கள். வீட்டின் பின்பக்கத்தில், அம்மா இரண்டு வருடமாகக் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி ஒரு சாடியில் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அதுதான் மிகச் சுலபமான வழி. ஆனால் ஆர்பிடி பாடத்தில் மைக்ரோகண்ட்ரோலர் பற்றிப் படித்துவிட்டு, அந்த வேலையை ஒரு சில்லிடம் ஒப்படைத்துப் பார்க்க ஆசைப்படாதவர் யார்?

நானும் ஆசைப்பட்டேன். மேசைமேல் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மண் காய்ந்தால் பம்பு ஓடும், நனைந்தால் நிற்கும். பெருமையோடு ஊருக்குப் போனேன். பத்தாம் நாள் திரும்பி வந்தபோது இருபது லிட்டர் வாளி காலி. சாடிக்குக் கீழே இருந்த தட்டு விளிம்புவரை நிறைந்திருந்தது. குனிந்து பார்த்தால் அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்கி பரவும் ஒரு நாட்டில், ஏடிஸ் கொசுவுக்கு நானே தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தேன்.

எங்கே தவறு நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சில்லைப் பார்ப்போம்.

ஆர்டுயினோ என்ற பலகை 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகப் பிறந்தது. அதன் ஊனோ வகைப் பலகையில் நீளமாக உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சில்லின் பெயர் ஏடிமெகா328பி. வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள் அதற்கு. நிரலை வைத்துக்கொள்ள 32 கிலோபைட், ஓடும்போது கணக்குப் போட 2 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. இருந்தாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற இதுவே தாராளம்.

மண்ணின் ஈரத்தை அறிய ஓர் உணரி வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். கவைபோல இரண்டு உலோகக் கால்கள் உள்ளது விலை குறைவு. ஈரமண் வழியாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று அது பார்க்கும். ஆனால் நேர்மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்தால் என்ன ஆகும்? வேதியியல் வகுப்பில் படித்த மின்பகுப்புதான். நேர்முனைக் கால் சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். சில வாரங்களில் உணரி பொய் சொல்லத் தொடங்கிவிடும். கரைந்த உலோகமோ மண்ணில் சேரும். கறிவேப்பிலையைப் பறித்துக் குழம்பில் போடுகிறோம், மறந்துவிடாதீர்கள்.

ஆகவே கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் மின்தேக்கு வகை உணரியை வாங்குங்கள். இதில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. பூச்சுக்குள் புதைந்திருக்கும் இரண்டு செப்புத் தகடுகள் ஒரு மின்தேக்கிபோல வேலை செய்கின்றன. மின்தேக்கியின் திறன் அதன் நடுவிலும் சுற்றிலும் என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 1, தண்ணீருக்கு ஏறத்தாழ 80. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் மண்ணில் சிறிது ஈரம் கூடினாலும் உணரிக்குத் தெரிந்துவிடுகிறது.

உணரி தருவது ஒரு மின்னழுத்தம். ஊனோ 0 முதல் 5 வோல்ட் வரையிலான அளவை 1024 படிகளாகப் பிரித்து 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். பிறர் சொல்லும் எண்ணை நம்பி நிரல் எழுதாதீர்கள். உங்கள் உணரியைக் காற்றில் பிடித்து ஒருமுறை, ஒரு கோப்பைத் தண்ணீரில் கோடு போட்ட இடம்வரை நனைத்து ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையது காற்றில் 610, தண்ணீரில் 290 காட்டியது. ஈரம் கூடக் கூட எண் குறைகிறது. இதைத் தலைகீழாக நினைத்து எழுதிவிட்டால், நனைந்த மண்ணுக்கே மேலும் மேலும் தண்ணீர் போகும்.

இனி பம்பு. பலர் முதல் சில்லைப் பறிகொடுப்பது இங்கேதான். ஊனோவின் ஒரு காலிலிருந்து 20 மில்லியாம்பியர் எடுக்கலாம், 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. வாளிக்குள் முழுகிக் கிடக்கும் சின்னஞ்சிறு பம்புக்கே நூறு, இருநூறு மில்லியாம்பியர் தேவை. எனவே சில்லின் கால் பம்பைச் சுமக்கக் கூடாது. கதவைத் திறக்கும் காவலாளியாக மட்டும் இருக்க வேண்டும். அந்தக் கதவுதான் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். கடையில் ஐஆர்எல்இசட்44என் என்று கேளுங்கள். ஒரு எழுத்து மாறி ஐஆர்எஃப்இசட்44என் கொடுத்துவிடுவார்கள். அது முழுமையாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும், நம்மிடம் இருப்பதோ 5. கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் இந்த உதிரிகளையெல்லாம் தனித்தனியாகவே வாங்கலாம்.

இன்னும் இரண்டு சிறிய உதிரிகள், இரண்டும் சில காசுதான். பம்பின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி. பம்புக்குள் இருப்பது மோட்டார், மோட்டாருக்குள் இருப்பது கம்பிச் சுருள். ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் சுருள் சும்மா இருக்காது, எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தத்தை உதறும். அந்த உதறலைச் சில்லுக்குப் போகவிடாமல் டயோடு திருப்பி விடுகிறது. அடுத்தது, மாஸ்ஃபெட்டின் வாயில் காலுக்கும் தரைக் கம்பிக்கும் நடுவே 10 கிலோ ஓம் மின்தடை. மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது சில்லு விழித்தெழும்வரை அதன் கால்கள் ஆமா, இல்லை எதுவும் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பம்பு தானாக ஓடிவிடாமல் இந்த மின்தடை கதவைச் சாத்தி வைக்கிறது.

நிரலில் ஒரே ஓர் எல்லை எண் போதும் என்றுதான் முதலில் தோன்றும். 500க்கு மேலே போனால் ஓடு, கீழே வந்தால் நில். செய்து பாருங்கள், 499க்கும் 501க்கும் நடுவே பம்பு விக்கல் எடுத்ததுபோல் துடிக்கும். எல்லை இரண்டாக இருக்கட்டும். 500ஐத் தாண்டினால் தொடங்கு, 420க்குக் கீழே வந்தால்தான் நிறுத்து. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இப்படித்தான் ஓய்ந்து ஓய்ந்து ஓடுகிறது. தண்ணீர் மண்ணில் இறங்கி உணரியை எட்டச் சில நிமிடங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உணரி நனையும்வரை ஊற்றினால் அதற்குள் சாடி வழிந்துவிடும். ஐந்து வினாடி ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். என் பம்பு ஐந்து வினாடியில் 125 மில்லிலிட்டர் ஊற்றுகிறது. உங்களுடையதை ஓர் அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள்.

சரி, அந்த இருபது லிட்டர் எங்கே போனது? நிரலில் ஒரு பிழையும் இல்லை. வாளியை முக்காலிமேல் வைத்திருந்தேன், சாடி தரையில். குழாயின் வாய் வாளியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தது. முதல் முறை பம்பு ஓடிக் குழாயை நிரப்பியதும் அது வடிகுழாயாக மாறிவிட்டது. பம்பு நின்ற பிறகும் புவியீர்ப்பு நிற்கவில்லை. இந்தச் சிறு பம்புகளில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பிதழ் கிடையாது, நின்றிருக்கும் பம்பு வெறும் ஓட்டைதான். மேசைமேல் சோதித்தபோது வாளியும் சாடியும் ஒரே உயரத்தில், குழாயின் வாய் மண்ணுக்கு மேலே தூக்கியபடி இருந்ததால் இது கண்ணில் படவில்லை.

இப்போது வாளி தரையில், சாடி முக்காலிமேல். பம்பு நின்றதும் குழாயில் மிஞ்சிய தண்ணீர் வாளிக்கே திரும்பி வடிகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் ஊற்றக் கூடாது என்று நிரலில் எழுதிவிட்டேன். அதாவது அரை லிட்டர். உணரியின் எண் 250க்குக் கீழோ 650க்கு மேலோ போனால் கம்பி ஏதோ கழன்றுவிட்டது என்று பொருள், பம்பு ஓடவே கூடாது. கழன்ற கம்பி சில சமயம் நடுவிலுள்ள எண்ணையும் காட்டி ஏமாற்றும், அப்போது நாள் கணக்கு காப்பாற்றும். மின்தடை ஏற்பட்டால் அந்தக் கணக்கும் அழிந்துபோகும். அதனால் வாளியிலேயே ஐந்து லிட்டர்தான் வைக்கிறேன், பத்து நாளுக்கு அவ்வளவுதான் தேவை. எல்லாமே கெட்டுப்போனாலும் அதற்கு மேல் வழியாது. வாளிக்கு இறுக்கமான மூடி, குழாய் நுழையும் ஓட்டைக்குப் பஞ்சு. சாடியின் கீழ்த் தட்டை எடுத்துவிட்டேன்.

மின்சாரத்துக்கு 9 வோல்ட் சதுர பேட்டரியை மாட்டிவிட்டுப் போகாதீர்கள். ஊனோ சும்மா விழித்திருக்கவே ஏறத்தாழ 50 மில்லியாம்பியர் குடிக்கும், மறுநாளே அடங்கிவிடும். சிரிம் முத்திரையுள்ள கைப்பேசி மின்னேற்றி போதும். அதை வீட்டுக்குள் மழைபடாத இடத்தில் செருகி, 5 வோல்ட் கம்பியை மட்டும் வெளியே கொண்டு போங்கள். 230 வோல்ட் பம்பை ரிலே வைத்து ஓட்டிக் காட்டும் காணொளிகள் நிறைய உண்டு. தண்ணீர் சிந்தும் இடத்தில் அந்த மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும், வீட்டில் பெரியவர்கள் அனுமதித்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

செய்து முடித்ததும் உடனே ஊருக்குக் கிளம்பிவிட வேண்டாம். வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் ஓடவிடுங்கள். தினமும் காலையில் வாளியின் நீர்மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு வாருங்கள். இடையில் ஒருநாள் உணரியின் கம்பியை நீங்களே பிடுங்கி விடுங்கள், இன்னொரு நாள் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போடுங்கள். நான் இப்படிச் செய்தபோது மூன்றாம் நாள் குழாய் சாடியைவிட்டு நழுவிக் கீழே விழுந்து கிடந்தது. ஒரு துணிக்கிளிப்பு போட்டேன்.