ரசிகர்கள் சண்டை அப்பாவுக்காக. போலீஸ் வழக்கோ வசனத்துக்காக!

"அன்னபூரணி" பார்த்த தாய்க்குலம் என்ன சொன்னது?

(நமது நிருபர்)

பெற்ற தகப்பனிடம் பொய் சொல்லிவிட்டு ஒரு பெண் சமையல் படிக்கப் போகலாமா, கூடாதா?

நயன்தாரா நடித்த "அன்னபூரணி" படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம் இந்த ஒரு கேள்வியில்தான் இரண்டாகப் பிரிந்து நின்றது. பஸ் நிறுத்தத்தில் அதே பேச்சு. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதே பேச்சு. ஒரு அம்மாளும் மகளும் மவுண்ட் ரோட்டில் நடந்துகொண்டே போட்ட சண்டையில் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நடையை மெதுவாக்கிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து இதே படத்தின் மேல் வடநாட்டில் போலீஸ் புகார், வழக்கு என்று அமளி துமளிப்பட்டது. அங்கே இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பிடித்தது வேறு!

படம் வந்தது 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, வெள்ளிக்கிழமை. நயன்தாராவுக்கு இது 75-வது படம். டைரக்டர் நிலேஷ் கிருஷ்ணாவுக்கோ முதல் படம்.

கதை இதுதான். ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் பிரசாதம் செய்கிறவர் மகள் அன்னபூரணி. பெரிய ஓட்டலில் 'செஃப்' ஆக வேண்டும் என்று சின்ன வயதில் இருந்தே ஆசை. அந்தப் படிப்பு படித்தால் கறி, மீன் எல்லாம் தொட வேண்டும். அப்பா விடுவாரா? எம்.பி.ஏ. படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு கேட்டரிங் வகுப்புக்குப் போகிறாள். குட்டு உடைகிறது. வீட்டில் கல்யாண ஏற்பாடு. பெண் சென்னைக்கு வந்துவிடுகிறாள். சத்யராஜ் பெரிய செஃப்பாக வருகிறார். ஜெய், கூடப் படித்த முஸ்லிம் நண்பன். அப்பாவாக கன்னட நடிகர் அச்யுத் குமார். கடைசியில் சமையல் போட்டி, பிரியாணி.

இரண்டாவது பாதி டி.வி. சமையல் நிகழ்ச்சி மாதிரி இழுக்கிறது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அப்பாவும் மகளும் எதிர் எதிரே நிற்கும் காட்சிகளில் தியேட்டரில் பாப்கார்ன் சத்தம்கூட இல்லை.

"ஆசை இருந்தா அப்பா காலைப் பிடிச்சுக் கேட்டிருக்கணும். மூணு வருஷம் ஏமாத்தறதா?" என்றார் ஒரு மாமி.

"கேட்டா மட்டும் விட்டுருவாங்களா?" என்று பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் சட்டென்று கேட்டுவிட்டாள். முன்பின் தெரியாதவர்கள் இருவரும். மாமி பதில் சொல்லவில்லை.

நான் பேசிப் பார்த்ததில் ஒன்று கவனித்தேன். அப்பா பக்கம் பேசியவர்கள் எல்லாம் ஆண்கள் இல்லை. வயசான பெண்கள்தான் அதிகம். மகள் பக்கம் பேசியவர்களில் ஒரு மளிகைக் கடைக்காரரும் உண்டு. மகள் என்னவோ படிக்கக் கேட்டாளாம், இவர் வேண்டாம் என்றாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

ஊரே அடுப்பு இல்லாமல் நின்றது

இந்தச் சண்டை மூன்று நாள்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிடித்தது மழை.

"மிக்ஜாம்" புயல்! டிசம்பர் 4-ந் தேதி திங்கட்கிழமை சென்னை தண்ணீரில் நின்றது. மின்சார ரயில் நிறுத்தம். விமான நிலையம் மூடல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மாடிக்கு ஏறி உட்கார்ந்தவர்களைப் படகில் போய் இறக்கினார்கள். வடசென்னையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஆவின் பால் பண்ணையிலேயே தண்ணீர் புகுந்து, பால் பாக்கெட்டுக்கு ஜனங்கள் தெருத் தெருவாக அலைந்தார்கள். இருந்த பாக்கெட்டை இரண்டு பங்கு, மூன்று பங்கு விலைக்கு விற்ற புண்ணியவான்களும் உண்டு.

சமையலைப் பற்றி ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு மூட்ட வழி இல்லை. சிலிண்டர் தண்ணீரில் மிதக்கிறது. அரசாங்கம் கொடுத்த 6 ஆயிரம் ரூபாய் நிவாரணம் கைக்கு வந்து, பாத்திரம் பண்டம் கழுவி எடுத்து வைப்பதற்குள் படம் பல தியேட்டர்களில் இருந்து போய்விட்டது. "போன்ல வரும், அப்போ பாத்துக்கலாம்" என்று இருந்துவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

வாயில் வைக்காமல் சமைப்பவர்கள்

படத்தில் ஒரு கட்டத்தில் கதாநாயகிக்கு விபத்தில் நாக்கு ருசி போய்விடுகிறது. ருசி தெரியாதவள் எப்படிச் சமைப்பாள்? "சினிமாக் கதை" என்று சிலர் சிரித்தார்கள்.

சிரிக்காதவர்கள் யார் தெரியுமா? சமையலே தொழிலாக இருப்பவர்கள்!

திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை. ஒரு பக்கம் நடந்தால் பார்த்தசாரதி கோவில். இன்னொரு பக்கம் நடந்தால் வாலாஜா பெரிய பள்ளிவாசல். இரண்டு பக்கத்துச் சமையல்காரர்களும் அந்த பெஞ்சில் உட்காருவார்கள். படத்தைப் பற்றி அங்கே கிளறிவிட்டேன்.

பெருமாள் கோவில் மடப்பள்ளிகளில் கை வேலை பார்த்த ஒரு பெரியவர் சொன்னார்: மடப்பள்ளியில் உப்பு, காரம் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பருக்கை வாயில் போடக் கூடாது. புளியோதரைக்கு உப்பு கைக்கணக்கு. சர்க்கரைப் பொங்கலுக்குப் பாகு கண்கணக்கு. நெய் காய்ந்ததா என்பது மூக்குக் கணக்கு. "நாக்கு எதுக்கு சாமி?" என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினார்.

எதிரில் இருந்த பிரியாணி மாஸ்டர் பாய் விடவில்லை. ரம்ஜான் மாதம் முழுக்க விடியற்காலை முதல் மாலை வரை நோன்பு. தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. ஆனால் கடைக்கு அண்டா அண்டாவாகப் பிரியாணி இறக்கியாக வேண்டும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சியாக வேண்டும். எல்லாம் ருசி பார்க்காமல்தான்! கறி வெந்ததை அகப்பையால் அழுத்தினால் தெரியும், அரிசி முக்கால் பதம் வந்ததை விரலால் நசுக்கினால் தெரியும், தம் போட்டது சரியா என்பதை மூடி ஓரத்தில் வரும் வாசனையே சொல்லிவிடும் என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். படம் பார்த்த ரசிகர்களுக்கு நம்ப முடியாமல் போன காட்சி, இவர்களுக்கு அன்றாட வேலை.

ஆனால் மாஸ்டருக்குப் படத்தின் மேல் வேறு ஒரு குறை. சினிமாவில் ஓட்டல் அடுப்படியைக் காட்டினால் யாருக்கும் வியர்ப்பதே இல்லையாம். "அண்டா பக்கத்துல அரை மணி நேரம் நிக்கச் சொல்லுங்க சார், மேக்கப் எல்லாம் குருமாவுல இருக்கும்!"

அதே பெஞ்சில்தான் இன்னொரு விஷயமும் வந்தது. ஸ்ரீரங்கம் கோவிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது. அரங்கன் மேல் காதல்கொண்டு வந்த முஸ்லிம் பெண் என்று கோவில் கதை. அந்த நாச்சியாருக்காகத் தினமும் ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். கோதுமை ரொட்டி, ஐயா, பெருமாள் கோவில் மடப்பள்ளியில்! படத்தில் வரும் அப்பா வேலை பார்ப்பதும் ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்குத்தான். படம் எடுத்தவர்கள் இந்த ரொட்டியைப் பிடித்திருந்தால் பாதி சண்டையே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதே வருஷம் இன்னொரு அடுப்படி

2023-ல் வந்த சமையல் படம் இது ஒன்று மட்டும் அல்ல. பிப்ரவரி 3-ந் தேதி "தி கிரேட் இந்தியன் கிச்சன்" வந்தது. ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து கண்ணன் டைரக்ட் செய்த படம். ஜியோ பேபி 2021-ல் மலையாளத்தில் எடுத்து, கேரள அரசின் சிறந்த படப் பரிசு வாங்கியதன் தமிழ்.

அதில் சமையல் ஆசை இல்லை, சிறை. விடிந்தால் அரைக்க வேண்டும், வடிக்க வேண்டும், ஆண்கள் மென்று மேஜை மேல் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையை அள்ள வேண்டும். தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொன்னால் புருஷன் ஒவ்வொரு நாளும் மறந்துவிடுகிறான். மாநகராட்சியில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நம்ம ஊர் ஜனங்களுக்கு அந்த ஒழுகல் நன்றாகப் புரியும்!

"பாத்திரம் கழுவுறதைக் காட்டத்தான் டிக்கெட்டா?" என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்களோ அதிகம் பேசவில்லை. எங்கள் தெருவில் பார்த்த அக்கா ஒருத்தி சொன்னது: "புதுசா என்ன இருக்கு? ஆனா ஒருத்தர் பாத்திருக்காங்கன்னு இருந்துச்சு."

அன்னபூரணி பார்த்த பிறகு அதே அக்கா கேட்டது இன்னும் கூர்மை. அடுப்படியை விட்டு ஓடின பெண்ணும் தப்பு, அடுப்படிக்கு ஓடின பெண்ணும் தப்பு என்றால் நாங்கள் எங்கேதான் ஓடுவது?

மீன் விழுந்த சாம்பார்

பழைய ஆட்கள் உடனே எடுத்துவிடுவது "மைக்கேல் மதன காமராஜன்" கதையை. 1990-ல் வந்த படம். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனாக கமல். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும். பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஆசாரக்காரர்கள் இலைக்கு அது போய்ச் சேராமல் இருக்க அவர் படும் பாட்டுக்கு, அக்கிரகாரத்து மாமா மாமிகளே வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டி.வி.யில் போட்டால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

அது காமெடி, இது சீரியஸ் என்று சிலர் வித்தியாசம் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மீன் தானாக விழுந்தது. அன்னபூரணி தானாகப் போய்த் தொட்டாள்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 2023 டிசம்பர் 29-ந் தேதி படம் நெட்பிளிக்ஸில் வந்தது. மும்பையில் போலீசில் புகார். மத்தியப் பிரதேசம் ஜபல்பூரில் வழக்குப் பதிவு. ராமர் வனவாசத்தில் மாமிசம் சாப்பிட்டதாக வால்மீகி ராமாயணத்தைச் சொல்லி ஜெய் பேசும் வசனம் ஒரு குற்றச்சாட்டு. கோவில் பிரசாதம் செய்பவர் மகள் பிரியாணி செய்வதற்கு முன் தொழுகை நடத்துவது இன்னொன்று. 2024 ஜனவரி 11-ந் தேதி படத்தை எடுத்துவிட்டார்கள். தயாரிப்பில் பங்கு உள்ள ஜீ நிறுவனம் மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. ஜனவரி 18-ந் தேதி நயன்தாராவும் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். தணிக்கை ஆகி, தியேட்டரில் ஓடிய படத்தை நீக்குவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் அதில் சொல்லி இருந்தார்.

மனசு புண்பட்டது என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று சொல்ல நான் யார்? அந்த டீக்கடைப் பெரியவருக்கே ராமர் வசனம் பிடிக்கவில்லை. "ஒரு பொண்ணு கறி சமைக்கறதுக்கு ராமரை எதுக்கு சாட்சிக்குக் கூப்பிடணும்?" என்றார். ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற எண்ணம் அவருக்கு வரவில்லை. சிவனுக்குப் பன்றிக் கறி கொடுத்த கண்ணப்பருக்குக் கோவிலில் சிலை வைத்துக் கும்பிடுகிற ஊர் இது என்று பாய் எடுத்துக் கொடுக்க, "அதுவும் சரிதான்" என்று தலையை ஆட்டினார்.

கடைசியாக வேளச்சேரி. புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மிக்சி, கிரைண்டர் எல்லாம் போன ஒரு குடும்பத் தலைவி. டிசம்பர் 4-ந் தேதி மேட்னி போக அக்கம்பக்கத்துப் பெண்களோடு பேசி வைத்திருந்தாராம். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்து முடித்துவிட்டு, மகன் போனில் படத்தைத் தேடி இருக்கிறார். இல்லை!

விஷயத்தைச் சொன்னேன். வழக்கு, மன்னிப்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்த அப்பா மகளோட மறுபடி பேசினாரா, இல்லையா?"