மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் 2002 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வன்னிக்குப் பெற்றோல் கொண்டுவருதல் தடைப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயும் அரிதாகவே கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயைக் கொண்டே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் ஓடின. காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்குவர்; சூடேறியதும் அது மண்ணெண்ணெயில் ஓடும். நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவையும் இக்கிழ வண்டிகளே.

இஃது எங்ஙனம் இயன்றது? மண்ணெண்ணெய் ஆவியாவதற்குப் பெற்றோலினும் மிகுந்த வெப்பம் வேண்டும்; கடுமையாக அமுக்கினால் காலந்தப்பி வெடித்து இயந்திரத்தைத் தட்டச் செய்யும். பழைய இயந்திரங்களோ கலவையைக் குறைவாகவே அமுக்குபவை. ஆகையால் அவை பொறுத்துக்கொண்டன.

இனிக் காபரேற்றருக்கு வருவோம். எரிபொருளைக் காற்றோடு அளந்து கலப்பது அதன் தொழில். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றரில், காற்றின் இழுவைக்கேற்ப மேலெழும் சிறு பிஸ்ரன் ஒன்றுண்டு. அதனடியில் கூம்பிய ஊசியொன்று எரிபொருள் வரும் துவாரத்தினுள் இறங்கி நிற்கும். பிஸ்ரன் உயர உயரத் துவாரத்தின் வழி அகலும். எத்துணை எளிய ஏற்பாடு!

இதனை வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். மூடிய கொட்டகையில் வேண்டாம், புகை உயிரைப் போக்கும். இயந்திரம் நன்கு சூடேறி மெதுவாக ஓடும்போது, அப்பிஸ்ரனை அங்குலத்தில் 32 இல் ஒரு பங்களவு உயர்த்துக. வேகம் கூடி, கூடியபடியே நின்றால் எரிபொருள் மிகை. உடனே தளர்ந்து நின்றுவிடுமாயின் எரிபொருள் குறை. சிறிது கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் கலவை சரி. கீழுள்ள திருகை மேலேற்றினால் எரிபொருள் குறையும், கீழிறக்கினால் கூடும். கருவி எதுவும் வேண்டியதில்லை, காது போதும். கலை படித்த என் போன்றோருக்கும் இது விளங்கும். இன்றைய கார்களில் இவ்வேலையைக் கணினி செய்வதால், அங்கே உயர்த்திப் பார்க்க ஒன்றுமில்லை.

பிளக்கையும் கழற்றிப் பார்த்தல் நன்று. கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகை, வெளுத்திருப்பின் குறை, மண்ணிறமே நலம்.

மண்ணெண்ணெய் வண்டிக்கு மற்றுமொரு சோதனை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழி வடிந்து இயந்திர எண்ணெயோடு கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் மகிழற்க. நீர்த்துப்போன அவ்வெண்ணெயை அன்றே வடித்து மாற்றுக.