புகைபோக்கி ஓரத்தில் கிடைத்த சாட்சி

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு நேரடியான முதல் சாட்சி கலிலியோவின் காலத்தில் கிடைக்கவில்லை. அவர் மறைந்து 80 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, லண்டனை அடுத்த இரண்டு வீடுகளில் கூரையைத் துளைத்து நிறுத்திய தொலைநோக்கிகள் வழியாகக் கிடைத்தது. 1610-இல் கலிலியோ வெள்ளிக் கோளின் வளர்பிறை தேய்பிறைகளைக் கண்டதும், எல்லாக் கோள்களும் பூமியைச் சுற்றுகின்றன என்ற தாலமியின் பழைய அமைப்பு உடைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே டைக்கோ பிராஹி இன்னொரு அமைப்பை முன்வைத்திருந்தார். மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றும். சூரியனோ அவற்றை இழுத்துக்கொண்டு அசையாத பூமியைச் சுற்றிவரும். கோள்களின் இருப்பிடங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் டைக்கோவின் அமைப்பையும் கோப்பர்நிக்கஸின் அமைப்பையும் பிரித்தறியவே முடியாது. வெள்ளியின் பிறைகள் இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தும். ஆகவே 18-ஆம் நூற்றாண்டு பிறந்தபோதும் பூமியின் ஓட்டம் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட கருத்தாக இருந்ததே தவிர, யாரும் அளந்து காட்டிய உண்மையாக இருக்கவில்லை.

அளந்து காட்டுவதற்கு என்ன வழி என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பூமி ஓடுகிறது என்றால் டிசம்பரில் ஓரிடத்திலிருந்தும் ஜூனில் சூரியனுக்கு அப்பாலுள்ள இன்னோரிடத்திலிருந்தும் ஒரே விண்மீனைப் பார்க்கிறோம். பார்க்கும் இடம் மாறினால் விண்மீனின் திசையும் சற்று மாறித் தெரிய வேண்டும். இதுதான் இடமாறு தோற்றம். வெறுங்கண்ணால் பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை அளக்கக்கூடிய டைக்கோ, அப்படி எந்த மாற்றத்தையும் காணாததால்தான் பூமி அசையவில்லை என்று முடிவுகட்டினார். அன்று கையிலிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது பழுதான வாதம் அல்ல. 1669-இல் ராபர்ட் ஹூக் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் தான் குடியிருந்த பகுதியின் கூரையில் துளையிட்டு, தலைக்கு நேர் மேலே கடக்கும் காமா டிராகோனிஸ் என்ற விண்மீனைப் பார்த்தார். நேர் உச்சியில் வரும் ஒளியைக் காற்று மண்டலம் வளைப்பதில்லை என்பதால் அந்த விண்மீனைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. ஆனால் நான்கே நான்கு முறை பார்த்துவிட்டு, இடமாறு தோற்றத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்துவிட்டார். கிரீனிச் வானாய்வகத்தில் ஜான் ஃபிளாம்ஸ்டீட் இன்னும் பொறுமைசாலி. 1689 முதல் பல ஆண்டுகள் துருவ விண்மீனை அளந்து, அது ஆண்டுக்குள் சுமார் 40 வில்விநாடி இடம் மாறுவதைக் கண்டார். ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. முழு நிலவின் அகலமே ஏறத்தாழ 1,800 வில்விநாடிதான். ஃபிளாம்ஸ்டீட் கண்ட மாற்றம் மெய்யானது, அளவும் சரியானது. ஆனால் தான் எதைத் தேடினாரோ அதுவே கிடைத்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். இடமாறு தோற்றம் என்றால் விண்மீன் வேறு மாதங்களில் அல்லவா எல்லைக்குப் போக வேண்டும் என்று பிறர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1725 இறுதியில் கியூ என்ற ஊரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சாமுவேல் மாலினூ நாடாளுமன்ற உறுப்பினர், செல்வந்தர், வானியலில் உண்மையான ஈடுபாடு கொண்டவர். ஹூக்கின் சோதனையை ஒழுங்காகத் திரும்பச் செய்ய விரும்பி, லண்டனின் தேர்ந்த கடிகாரக் கைவினைஞரான ஜார்ஜ் கிரகாமிடம் ஒரு கருவி செய்யச் சொன்னார். 24 அடி நீளத் தொலைநோக்கி. அதை வீட்டின் புகைபோக்கிச் சுவரோடு பிணைத்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள். கீழ்முனையில் ஒரு நுண்திருகு; அதைத் திருப்பிக் குழாயை மயிரிழை மயிரிழையாகச் சாய்க்கலாம், எவ்வளவு சாய்ந்தது என்பதைத் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டு அறியலாம். ஹூக் பார்த்த அதே காமா டிராகோனிஸ்தான் இலக்கு. டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கிச் சில இரவுகள் அளந்தார்கள். இடமாறு தோற்றத்தின் கணக்குப்படி அந்த விண்மீன் டிசம்பரில் தென்கோடியில் இருக்க வேண்டும். எனவே சில வாரங்களுக்கு அது அசையாது, பிறகு மெல்ல வடக்கே திரும்பும். டிசம்பர் 17 அன்று அங்கே வந்திருந்த ஜேம்ஸ் பிராட்லி, ஆக்ஸ்ஃபோர்டின் வானியல் பேராசிரியர், மீண்டும் ஒருமுறை அளந்தபோது விண்மீன் இன்னும் தெற்கே போயிருந்தது. கருவிக் கோளாறாக இருக்குமோ என்று சோதித்தார்கள். கோளாறு இல்லை. மார்ச் வரை அது தெற்கே போய்க்கொண்டே இருந்து 20 வில்விநாடி எட்டியது. பிறகு திரும்பியது. ஜூனில் டிசம்பர் இடத்துக்கே வந்து, செப்டம்பரில் வடக்கே 20 வில்விநாடி போய், ஆண்டு முடிவில் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. மொத்த ஊசலாட்டம் சுமார் 40 வில்விநாடி, ஃபிளாம்ஸ்டீட் கண்ட அதே அளவு. ஆனால் எல்லாமே எதிர்பார்த்ததற்கு மூன்று மாதம் விலகி நடந்தது.

கண்டுபிடிப்பின் உயிர் இந்த மூன்று மாத விலகலில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அளவு பொருந்தியதும் திருப்தி அடைந்திருந்தால் ஹூக்கின் பெயருக்கும் ஃபிளாம்ஸ்டீடின் பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு பிழை சேர்ந்திருக்கும். பிராட்லி தேடிய விடையைத் தன் கையாலேயே தள்ளினார். பிறகு வேறு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பூமியின் அச்சே லேசாகத் தலையாட்டுகிறதோ? அப்படியானால் துருவத்துக்கு மறுபுறம், ஏறக்குறைய அதே தொலைவில் உள்ள இன்னொரு விண்மீனும் எதிர்த்திசையில் அதே அளவு நகர வேண்டும். அப்படி ஒன்றையும் அளந்தார்கள். அது பாதியளவே நகர்ந்தது. அச்சு காரணம் அல்ல. ஓடும் பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலம் ஒருபுறம் நசுங்கி ஒளியை வளைக்கிறதோ? அதுவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

கியூ கருவி உச்சிக்கு மிக அருகே உள்ள விண்மீன்களை மட்டுமே பார்க்கக்கூடியது. காரணம் தெரியாத நிலையில் ஒரே விண்மீனைத் துல்லியமாகப் பார்ப்பதைவிடப் பல விண்மீன்களைப் பார்ப்பதே பயன்தரும் என்று பிராட்லி உணர்ந்தார். 1727 ஆகஸ்டில், வான்ஸ்டெட் ஊரில் தன் அத்தை வீட்டில், கிரகாம் செய்துகொடுத்த 12½ அடி நீளக் கருவி ஒன்றை நிறுத்தினார். உச்சியின் இருபுறமும் ஆறு பாகைக்குச் சற்று மேல் சாயக்கூடிய அதில் ஏராளமான விண்மீன்கள் அகப்பட்டன. ஓராண்டுக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. எந்த விண்மீனை எடுத்தாலும், அது காலை ஆறு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ உச்சியைக் கடக்கும் பருவத்தில்தான் வடகோடியிலோ தென்கோடியிலோ இருந்தது. அதாவது சூரியனின் திசைக்குச் செங்குத்தான திசையில். பூமி எங்கே இருக்கிறது என்பதோடு தொடர்புள்ள மாற்றம் என்றால் அது சூரியன் இருக்கும் திசையை ஒட்டி வர வேண்டும். செங்குத்தாக வருகிறது என்றால், பூமி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதோடுதான் அதற்குத் தொடர்பு.

1728-இன் பிற்பகுதியில் விடை துலங்கியது. விண்மீனின் ஒளி குழாயின் மேல்முனைக் கண்ணாடியில் நுழைந்து கீழ்முனைக்கு வர ஒரு நொடியில் மிக மிகச் சிறிய பங்குதான் ஆகிறது. ஆனால் அந்தப் பொழுதிலும் பூமி நிற்பதில்லை. ஒளியின் வேகம் பூமியின் வேகத்தைப் போல் பத்தாயிரம் மடங்கு. எனவே கியூவின் 24 அடிக் குழாயில் ஒளி மேலிருந்து கீழே வருவதற்குள் குழாயின் அடிப்பாகம் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் நகர்ந்துவிடும். ஒளி குழாயின் நடுவே இறங்க வேண்டுமானால் பூமி ஓடும் திசையில் அதை அவ்வளவுக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் 20 வில்விநாடி. பூமி ஆறு மாதத்தில் எதிர்த்திசையில் ஓடும்போது சாய்வும் எதிர்ப்புறம் திரும்புகிறது, மொத்தம் 40. இதைத்தான் இன்று ஒளிப் பிறழ்வு என்கிறோம். பிராட்லி இதை எட்மண்ட் ஹாலிக்குக் கடிதமாக எழுத, 1729 ஜனவரியில் அது ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. வேலையைத் தொடங்கிவைத்த மாலினூ அதைக் கேட்க உயிரோடு இல்லை. 1728 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார்.

இது தற்செயலாக வாய்த்தது அல்லவா என்று கேட்கலாம். தேம்ஸ் நதியில் படகில் போகும்போது, படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய்மரத்தின் உச்சியிலிருந்த காற்றுகாட்டி திசை மாறுவதைப் பார்த்துத்தான் பிராட்லிக்கு யோசனை பிறந்தது என்ற கதை பிரபலம். அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அச்சேறிய கதை அது. ஹாலிக்கு எழுதிய கடிதத்தில் படகு இல்லை. கதை மெய்யாகவே இருக்கட்டும். அதற்குள் அவரிடம் மூன்று ஆண்டு அளவீடுகள் இருந்தன. தவறான விளக்கங்கள் கழிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி ஒழுங்கு கையில் இருந்தது. காற்றுகாட்டி திரும்புவதைத் தேம்ஸின் படகோட்டிகள் காலம் காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் தேடியது வேறு என்பதாலேயே கண்டுபிடிப்பு தற்செயலாகிவிடாது. தேடியது கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும், கிடைத்தது என்ன என்று விடாமல் கேட்ட உழைப்பும் தற்செயலாக வருபவை அல்ல.

இன்னொரு மறுப்பு கனமானது. நியூட்டனின் நூல் 1687-இலேயே வந்துவிட்டது. ஈர்ப்பு விதியை ஏற்றவருக்குப் பாரமான சூரியன் பூமியைச் சுற்றும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு பிராட்லியின் சான்று எதற்கு? ஆனால் ஈர்ப்பு விதியை எல்லோரும் ஏற்றிருக்கவில்லை. பிரான்சில், கோள்களைச் சுழல்களே சுமந்து செல்கின்றன என்ற டெகார்ட்டின் கருத்தை நம்பியவர்கள் அப்போதும் பலமாகவே இருந்தார்கள். மேலும், ஒரு கோட்பாட்டிலிருந்து தர்க்கமாக வரும் முடிவு வேறு, அந்தக் கோட்பாட்டைச் சாராமல் கண்ணெதிரே அளந்து காட்டும் முடிவு வேறு. பிராட்லியின் அளவீட்டை நம்ப நியூட்டனை நம்ப வேண்டியதில்லை. போப்பின் ஆட்சிக்குட்பட்ட பொலோனியாவில் யுஸ்டாக்கியோ மான்ஃப்ரெடி என்ற வானியலாளர் இதே வகை ஊசலாட்டங்களைத் தானும் அளந்து, பூமி ஓடுகிறது என்று சொல்லாமல் 1729-இல் வெளியிட்டார். முடிவைச் சொல்லத் தயங்கியவரின் கருவியிலும் விண்மீன்கள் அப்படித்தான் அசைந்தன. 1758-இல் ரோமின் தடைசெய்யப்பட்ட நூல் பட்டியலிலிருந்து பூமியின் ஓட்டத்தைப் பேசும் நூல்களின் மீதான பொதுத் தடை எடுக்கப்பட்டது. அதற்கு பிராட்லி ஒருவரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் மறுபக்கத்தில் நிற்க இடம் மிகக் குறைந்திருந்தது.

இக்கால இயற்பியல் படித்தவர்கள் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். எல்லா இயக்கமும் சார்பானதுதானே. பூமி நிற்க, விண்மீன்களே ஆண்டுக்கொருமுறை சிறு வட்டம் போடுகின்றன என்று ஏன் சொல்லக்கூடாது? சொல்லலாம், ஆனால் விலை அதிகம். ஒளிப் பிறழ்வின் உச்ச அளவு எல்லா விண்மீனுக்கும் ஒன்றே. அருகில் உள்ளதற்கும் தொலைவில் உள்ளதற்கும் அதே 20 வில்விநாடி. விண்மீன்களே நகர்வதானால், தொலைவில் உள்ளது தன் தொலைவுக்குத் தக்கபடி பெரிய வட்டமும் அருகில் உள்ளது சிறிய வட்டமும் போட்டு, பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் ஒரே அளவாகத் தெரியும்படி ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தனையும் நம் ஆண்டோடு மாதம் பிசகாமல் இசைய வேண்டும். ஓடுவது ஒன்றே, அது நாம் நிற்கும் பூமி என்று சொன்னால் இந்த அதிசயம் எதுவும் தேவையில்லை. சார்பியலும் இதை மறுக்கவில்லை. நிலையான வேகத்தை உணர முடியாது என்றுதான் அது சொல்கிறது. ஆண்டு முழுவதும் பூமியின் வேகம் திசை மாறிக்கொண்டே இருப்பதை ஒளிப் பிறழ்வு அப்படியே காட்டிக்கொடுக்கிறது.

எல்லா விண்மீனுக்கும் பிறழ்வு ஒரே அளவு என்பதால் எல்லா விண்மீனின் ஒளியும் ஒரே வேகத்தில் வருகிறது என்றும் பிராட்லி கண்டார். 1676-இல் ஓலே ரோமர் வியாழனின் துணைக்கோளை வைத்துப் போட்ட கணக்கின்படி, சூரிய ஒளி நம்மை எட்ட 11 நிமிடம் ஆகும். பிராட்லியின் கணக்கில் 8 நிமிடம் 12 நொடி. இன்றைய அளவு 8 நிமிடம் 19 நொடி. இத்தோடு, தேடிக் கிடைக்காத இடமாறு தோற்றமும் ஒரு செய்தி சொன்னது. அது ஒரு வில்விநாடி இருந்திருந்தால் தன் கருவியில் தப்பியிருக்காது. ஆகவே காமா டிராகோனிஸ் சூரியனைவிட 4 லட்சம் மடங்குக்கு மேல் தொலைவில் இருக்க வேண்டும் என்று எழுதினார். டைக்கோவுக்கு இது பதில். பூமி நிற்பதால் அல்ல, விண்மீன்கள் அவ்வளவு தொலைவில் இருப்பதால்தான் அவரால் மாற்றத்தைக் காண முடியவில்லை.

நியூட்டனுக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளைப் பெரிதாக எதுவும் நிகழாத இடைவெளியாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதோடு என்னால் உடன்பட முடியவில்லை. 1718-இல் ஹாலி பழங்கிரேக்க அளவீடுகளோடு ஒப்பிட்டு சிரியஸ் உள்ளிட்ட விண்மீன்கள் இடம்பெயர்ந்திருப்பதைக் காட்டியது அந்தக் காலத்தில்தான். வான்ஸ்டெட் அளவீடுகளில் ஒளிப் பிறழ்வைக் கழித்த பிறகும் ஓரிரு வில்விநாடி மிச்சம் நின்றதை பிராட்லி ஒதுக்கிவிடாமல், நிலவின் பாதைத் தளம் ஒரு முழுச் சுற்று முடிக்கும் பதினெட்டரை ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்து அளந்தார். முன்பு அவர் கழித்துவிட்ட காரணம் இம்முறை உண்மையாயிற்று: நிலவின் இழுப்பால் பூமியின் அச்சு மெய்யாகவே தலையாட்டுகிறது. 1748-இல் அதை வெளியிட்டார். இடமாறு தோற்றம் கடைசியில் அகப்பட்டது 1838-இல், ஜெர்மானியர் பெஸ்ஸலின் கையில், 61 சிக்னி என்ற வேறொரு விண்மீனில்; அளவு ஒரு வில்விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. காமா டிராகோனிஸின் இடமாறு தோற்றம் வெறும் 0.02 வில்விநாடி. அதைத் துல்லியமாக அளக்க 1989-இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் விண்கலம் வேண்டியிருந்தது. அந்த விண்கலத்தின் அளவீடுகளிலும் முதலில் ஒளிப் பிறழ்வைக் கழித்துவிட்டுத்தான் மற்றக் கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது.