வைத்தியமும் இன்ஷ்யூரன்ஸும்

பணமில்லாத காரணத்தால் எவரும் தக்க வைத்தியமின்றி வாடலாகாது என்று ஸர் ஜோஸப் போர் கமிட்டியார் 1946-ல் வற்புறுத்தினர். அதற்கு அவர்கள் காட்டிய மார்க்கம் சர்க்கார் வைத்தியசாலைகளே.

2018-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், ஏழைக் குடும்பமொன்றுக்கு வருஷந்தோறும் 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. தனியார் ஆஸ்பத்திரியின் வாசற்படியேறத் துணியாத ஏழைக்கு அங்கே ரண சிகிச்சை கிடைப்பது நன்மையே; இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தப் பணம். நீரிழிவுக்காரர் தினந்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. கம்பெனிகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து பிரீமியம் கட்டுவதால் கிராமத்துக்கு டாக்டர் வந்துவிடவும் மாட்டார். லாபமில்லாத இடத்தில் தனியார் ஆஸ்பத்திரி எழும்புமா?

தமிழ்நாட்டில் 1994-ல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அளிக்கிறது. அவை நோயாளிகளுக்கு இலவசமாய்ச் சேர்கின்றன. அன்றாட நோய்க்கு உதவுவது இத்தகைய ஏற்பாடே என்பது நமது அபிப்பிராயம்.

தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 2.5 பங்கு சர்க்கார் சுகாதாரச் செலவாக 2025-க்குள் உயரும் என்று 2017-ம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கை கூறிற்று. கெடு கடந்தும் அது நிறைவேறவில்லை. அந்தப் பங்கு எங்கே என்று பட்ஜெட் விவாதத்தின்போது நம் பிரதிநிதிகளை ஜனங்கள் கேட்டாக வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் ஊன்றுகோலாக இருக்கட்டும். அதையே காலென்று நம்பி நடக்க முடியாது.